பர்மிட் காலத்து முதலாளி

என் தங்கை பேரன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறான். அவனுக்கு ஆபீசில் பேசுவதற்கு ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்களாம்: மாறிவரும் தொழிலுக்கு ஏற்பக் கட்டுமானக் கம்பெனித் தலைவர்கள் எப்படி மாற வேண்டும்? "தாத்தா, நீங்கதான் நாற்பது வருஷம் சைட்டுல இருந்தீங்களே, ஏதாவது சொல்லுங்க" என்று போன் செய்தான். அவன் தயாரித்து வைத்திருந்த பட்டியலையும் படித்துக் காட்டினான். டிரோன், கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம், அச்சடித்து வீடு கட்டும் இயந்திரம் என்று ஒரே இயந்திர மயம். எனக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு கதையை அவனுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய சரித்திரமும் உண்டு, என் சொந்தத் தப்பும் உண்டு.

நம் சென்னையில் கட்டட ஒப்பந்தக்காரர் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1892-ல் திறந்த ஹைகோர்ட் கட்டடம் அவர் கட்டியது. எழும்பூர் மியூசியம் வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்திலும் அவர் கைதான். சேத்துப்பட்டில் அவருக்கு இருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்று குறைவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணித மேதை ராமானுஜன் 1920-ல் கண் மூடியதும் அங்கே அவருக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான்.

அந்தக் காலத்தில் வரைபடம் போடுவது ஹென்றி இர்வின் போன்ற சர்க்கார் ஆர்க்கிடெக்டின் வேலை. ஒப்பந்தக்காரரின் கெட்டிக்காரத்தனம் நல்ல செங்கல், நல்ல சுண்ணாம்பு, நல்ல தேக்கு, இவற்றோடு நல்ல கொத்தனார்களை ஒரே இடத்தில் சேர்ப்பதில் இருந்தது. சுண்ணாம்பைச் செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் தளம் நம்மில் பல பேர் பிறந்த வீடுகளில் தலைக்கு மேல் இருந்தது. தேக்கு உத்திரத்தின் மேல் சின்ன அச்சுக்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே முட்டு கிடையாது. கல் கீழே விழாமல் நிற்பது கொத்தனாரின் கைப்பக்குவம். இன்று அதைப் போடத் தெரிந்த ஆளைத் தேடினால் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறவர்களிடம்தான் போக வேண்டும்.

இந்தியாவில் சிமெண்ட் செய்து பார்த்த முதல் முயற்சியும் நம் ஊரில்தான், 1904-ல், வண்ணாரப்பேட்டைப் பக்கம். கடல் சிப்பியிலிருந்து செய்தார்கள். அது நிலைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து போர்பந்தரில்தான் தொழில் நிலைத்தது. பிறகு 1930-களில் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை, அப்புறம் டால்மியாபுரம், சுதந்திரத்துக்குப் பிறகு தாழையூத்து என்று நம் பக்கமும் ஆலைகள் வந்தன.

இனி என் முதலாளி கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டோம், இன்றைக்கும் எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

அவர் பதினேழு வயதில் ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்தவர். அந்தக் கொத்தனார் சிமெண்டைச் "சாம்பல்" என்றுதான் சொல்வாராம். "இந்தச் சாம்பல் எத்தனை நாளுக்குடா?" என்பாராம். அந்தச் சமயத்தில் மவுண்ட் ரோடில் ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்தது. 1954-ல் அவர் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. 1959-ல் கட்டடம் திறந்தபோது அதன் பெயர் எல்.ஐ.சி. கட்டடம் என்று ஆகிவிட்டது. லண்டன் ஆர்க்கிடெக்டுகள் தொடங்கி எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தது, கட்டியது முருகப்பா குடும்பத்தின் கோரமண்டல் என்ஜினீயரிங். உயரம் 177 அடி. சுண்ணாம்பும் செங்கலுமாக வளர்ந்த ஊரில் கான்கிரீட் சட்டம் நிறுத்தி அவ்வளவு உயரம் போனதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வருமாம்.

முதலாளி அங்கே ஜல்லி சுமந்தார். கம்பி கட்டுகிறவர்களின் பக்கத்தில் போய் நின்று நின்று கம்பி எண்ணக் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் டிராயிங்கை மேசையில் விரித்தால், எந்த பீமில் எத்தனை கம்பி, எங்கே வளைகிறது என்று விரலை வைத்துச் சொல்லிவிடுவார். பழைய குருநாதர் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசவில்லையாம். இதை அவர் எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "அன்னிக்கு அந்தக் கெழவனோடயே இருந்திருந்தா நானும் சுண்ணாம்புதான் அரைச்சிருப்பேன்" என்று முடிப்பார்.

நான் எல்.சி.இ. முடித்துவிட்டு 1969-ல் அவரிடம் சேர்ந்தபோது அவர் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தார். சைட்டும் பார்ப்பேன், கணக்கும் பார்ப்பேன். அளவுப் புத்தகம் எழுதுவது, பில் போடுவது, டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கட்டுவது எல்லாம் நான்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது சிமெண்ட் கடையில் போய் வாங்குகிற பொருள் இல்லை. விலையும் விநியோகமும் சர்க்கார் கட்டுப்பாட்டில். சர்க்கார் வேலை என்றால் இலாகாவே சிமெண்டைக் கொடுத்துப் பில்லில் பிடித்துக்கொள்ளும். காலிச் சாக்குக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டும். தனியார் வீடு என்றால் பர்மிட். பத்து மூட்டை பர்மிட்டுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூன்று நாள் லீவு போட்டு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாதி வீடு எழும்பி, லிண்டல் மட்டத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்பது எல்லாத் தெருவிலும் உண்டு.

இந்த விளையாட்டில் முதலாளி சூரர். எந்த ஆபீசில் எந்த குமாஸ்தா, எந்த வாரம் வேகன் வரும், எந்த லாரிக்காரன் வழியில் மூட்டையைத் தட்டிவிடாமல் கொண்டுவருவான், எல்லாம் விரல் நுனியில். வில்லிவாக்கத்தில் ஒரு கிடங்கு வைத்திருந்தார். தரையில் பலகை, சுவரை ஒட்டாமல் அடுக்கு, பத்து மூட்டைக்கு மேல் ஏற்ற விடமாட்டார், முதலில் வந்தது முதலில் போகும். அவரிடம் வேலை கொடுத்தால் சிமெண்ட் இல்லை என்று வேலை நிற்காது என்று பெயர். ஆள் கூட்டம் அவரைத் தேடி வந்தது அதற்குத்தான். நல்ல கொத்து வேலையும் செய்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் காசு கொடுத்தது மூட்டைக்கு.

1982 பிப்ரவரி 28-ம் தேதி மத்திய சர்க்கார் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. ஏற்கெனவே இருந்த ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இஷ்டப்பட்ட விலைக்கு வெளியில் விற்கலாம், மீதி மூன்றில் இரண்டு பங்கு பழையபடி லெவி. பேப்பரில் வந்த அன்று கிடங்கில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். முதலாளி கேட்டார், "ரெண்டு பங்கு பர்மிட்டுதானே?" ஆமாம் என்றேன். "அப்ப என்ன மாறிடுச்சு?" என்று வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எல் அண்ட் டி கதை உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். ஹோல்க்-லார்சன், டூப்ரோ என்ற இரண்டு டென்மார்க்காரர்கள் சிமெண்ட் ஆலை இயந்திரம் விற்க வந்தவர்கள். 1938-ல் பம்பாயில் கூட்டு வைத்தார்கள். அடுத்த வருஷமே யுத்தம். 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து ஒரு திருகாணிகூட வராது. விற்கவே பொருள் இல்லாத வியாபாரிகள்! சின்னப் பட்டறையில் பால் பண்ணைச் சாமான் செய்தார்கள், கப்பல் ரிப்பேர் பார்த்தார்கள். 1944-ல் ஈ.சி.சி. என்ற கட்டுமானக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதன் தலைமையகம்தான் பிறகு நம் மணப்பாக்கத்தில் வந்தது. டெல்லியில் தாமரைக் கோயிலைக் கட்டியது அவர்கள்தான். வெயிலில் கான்கிரீட் சூடாகாமல் இருக்க ஐஸ் போட்டுக் கலந்து, ஒவ்வொரு இதழையும் இடைவிடாமல் ஊற்றினார்கள்.

அவர்கள் நம்மைவிடப் பெரிய மூளைக்காரர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழைய கதவு முழுசாக மூடிவிட்டது. முதலாளிக்கு மூன்றில் ஒரு பங்குதான் மூடியது. கதவு முழுசாக மூடியிருந்தால் அவரும் வேறு வழி தேடியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இருபது வயதில் சுண்ணாம்பை விட்டு கான்கிரீட்டுக்கு ஓடியவர் அல்லவா? ஆனால் அன்று அவரிடம் விட்டுவிட்டு வர ஒன்றும் இருக்கவில்லை. இப்போது கிடங்கு இருந்தது, பெயர் இருந்தது, முப்பது வருஷத்துப் பழக்கங்கள் இருந்தன.

அவர் மகன் அப்போதுதான் கிண்டியில் பி.இ. முடித்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அப்பாவின் எதிரில் ஒரு பேப்பரை வைத்தார். பேங்க் கடன் வாங்கி இரும்பு சென்டரிங் தகடும் ஒரு ஹாய்ஸ்டும் வாங்கலாம், டிசைன் செய்கிற ஒரு என்ஜினீயரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு அடுக்குமாடி வேலை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அப்போது சென்னையில் ஃபிளாட் கட்டுவது சூடு பிடித்திருந்த நேரம். நாங்கள் இன்னும் சவுக்குக் கம்பும் பலகையும் வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"இனிமே மூட்டையை யார் வேணா வாங்கலாம்ப்பா. நம்மகிட்ட என்ன இருக்குன்னு ஒருத்தர் வரணும்?" என்று கேட்டார் மகன்.

முதலாளி பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே தம்பி?" என்றார்.

மகன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். பில் போடுகிறவன் நான். தனியார் வேலை குறைந்துவருவது முதலில் தெரிந்ததே எனக்குத்தான். ஆனால் முதலாளி எதைக் கேட்க விரும்புகிறார் என்பதும் தெரியும். இரண்டு பெண் குழந்தைகளை வைத்திருந்த எனக்கு, கடன் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். "கடன் இல்லாம இருக்கறதுதான் நம்ம பலம் முதலாளி" என்றேன். அவர் சிரித்தார். மகன் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அடுத்தது வரி விஷயம். 1958-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பிரசித்தமான தீர்ப்பு வந்தது. மெட்ராஸ் சர்க்காருக்கும் கேனன் டங்கர்லி கம்பெனிக்கும் நடந்த வழக்கு. நம் நேப்பியர் பாலத்தை 1940-களில் கான்கிரீட் வளைவுகளோடு கட்டிக் கொடுத்தார்களே, அதே கம்பெனி. கட்டடம் கட்டிக் கொடுப்பது சாமான் விற்பது ஆகாது, அதனால் ஒப்பந்த வேலையில் போகிற சாமானுக்கு விற்பனை வரி போட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. இந்த ஒரு தீர்ப்பின் நிழலில் நாட்டில் உள்ள ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கும் அது மனப்பாடம். "கட்டடத்துக்கு வரி கிடையாது, கோர்ட்டே சொல்லியாச்சு" என்பார்.

1982-ல் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தில் 46-வது திருத்தம் கொண்டுவந்தது. ஒப்பந்த வேலையில் போகும் சாமானுக்கும் மாநிலங்கள் வரி போடலாம். 1983 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அந்த வருஷம்தான் நாங்கள் ஒரு ஊழியர் குடியிருப்பு டெண்டர் போட்டோம். நாற்பத்தெட்டு வீடுகள். எங்கள் சக்திக்குப் பெரிய வேலை. தனியார் வேலை குறைந்ததால் அதை எப்படியாவது பிடிக்க வேண்டியிருந்தது. விலைவாசி ஏறினால் கூட்டிக் கொடுக்கும் ஷரத்து கிடையாது. ரேட்டை அடிமட்டத்தில் போட்டோம்.

டெண்டர் போடுவதற்குப் பத்து நாள் முன்னால் எங்கள் ஆடிட்டரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. தமிழில் நாலே வரி. சட்டம் மாறியிருக்கிறது, மாநிலத்திலும் வரி வரும், புது ரேட்டுகளில் அதற்கு இடம் வைக்கவும் என்று. படித்தேன். ரேட்டை ஏற்றினால் வேலை கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஆட்களுக்குப் பொங்கல் அட்வான்ஸ் கொடுக்கப் பணம் கிடையாது. மாநிலச் சட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கார்டைத் துளை போட்டு ஃபைலில் சேர்த்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

வேலை எங்களுக்குக் கிடைத்தது. பாதியில் மாநிலச் சட்டமும் மாறியது. வீடுகளை நன்றாகத்தான் கட்டினோம், இன்றும் விரிசல் இல்லாமல் நிற்கின்றன. பிறகு வரி நோட்டீஸ் வந்தது. வேலை கொடுத்த இலாகா அது ஒப்பந்தக்காரர் பாடு என்று கையை விரித்தது. ஒப்பந்தக்காரர்கள் சங்கம் திருத்தத்தையே எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. பழைய தீர்ப்பு போலவே இதுவும் வரும் என்று முதலாளி வரிக்குப் பணம் எடுத்து வைக்கவே இல்லை.

1989 மார்ச் மாதத்தை நான் மறக்க மாட்டேன். முதல் தேதி சிமெண்ட் கட்டுப்பாடு முழுசாக நீங்கியது. 31-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 46-வது திருத்தம் செல்லும் என்றது. அதற்குள் தெரு முனைக்கு ஒரு சிமெண்ட் கடை, ரேடியோவில் சிமெண்ட் விளம்பரம், போன் செய்தால் வண்டியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வில்லிவாக்கம் கிடங்கை அந்த ஆடி மாதம் விற்றோம். அடுத்த தையில் அவர் குடியிருந்த வீட்டையும். கடைசி நாள் கிடங்கைப் பெருக்கியபோது, பலகைக்கு அடியில் கெட்டியாகிப்போன சிமெண்ட் ஒரு அங்குலத்துக்கு இருந்தது. ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் வேறு இடத்தில் சேர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றேன்.

மகன் நன்றாக வந்தார். 1993-ல் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஈ.சி.சி. 260 நாளில் கட்டி முடித்தபோது ஊரே பேசியது. அந்தக் கட்டத்தில் ஒரு நாள் அவர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். ராத்திரி பகல் என்று ஷிப்டு மாறி மாறி வேலை. எந்தச் சாமான் எந்த மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சுவரில் பெரிய அட்டவணை. முதலாளி தலைக்குள் வைத்திருந்ததை அவர்கள் சுவரில் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த மாறுதல்களுக்கு முதலாளி வேடிக்கை பார்க்கிறவர் மட்டும்தான். 2003-ல் ஆற்று மணலைச் சர்க்கார் கையில் எடுத்தது, பிறகு எம்-சாண்ட் வந்தது, வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள், ஜி.எஸ்.டி. வந்தது, ரெரா வந்தது. பேரனுக்கு இதெல்லாம் தெரிந்த கதை.

2009-ல் பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க முதலாளி நங்கநல்லூருக்கு என் வீட்டுக்கு வந்தார். எதிர் மனையில் அன்று மேல்தளம் கான்கிரீட். ரெடிமிக்ஸ் லாரி, பம்ப்பு, மேலே பத்துப் பேர். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். அப்புறம் மெல்ல எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்த என்ஜினீயர் பையனிடம் எத்தனை மூட்டை போகிறது என்று கேட்டார். பையன் லாரிச் சீட்டைக் காட்டினான். நான் படித்துச் சொன்னேன், கன மீட்டருக்கு 325 கிலோ. "ஆறரை மூட்டை. சரியாத்தான் இருக்கு. யார் போட்டது?"

"கம்ப்யூட்டர் ஐயா."

"தப்பாப் போட்டா யாரைக் கூப்பிடுவே?"

"க்யூப் எடுத்து 28-ம் நாள் உடைச்சுப் பார்ப்போம் ஐயா."

"அதுக்குள்ள மேல இன்னொரு தளம் போட்டிருப்பியே" என்றார். பையன் சிரித்தான்.

திண்ணைக்குத் திரும்பி வந்ததும், இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்றுதான் சொன்னேன். ஆடிட்டர் கார்டு வந்தது, நான் படித்தது, ஃபைலில் போட்டது. அவர் எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தஞ்சுலயே ஃபைல்ல பார்த்துட்டேன் தம்பி. தமிழ்லதானே எழுதியிருந்தாரு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா மட்டும் நான் ரேட்டை ஏத்தியிருப்பேனா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வைப்ரேட்டரைத் தளத்தோட ஓரத்துல காட்டவே மாட்டேங்கறான் பாரு. தேன்கூடு மாதிரி ஆயிடும். போய் அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டு வா."

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.